கிரஷர் தலையில் ஒரு டம்ளர் மோர்

“எங்க கிரஷர் ஓடிகினு இருக்கறப்ப, அது தலைமேல ஒரு டம்ளர் மோரை விளிம்பு வரைக்கும் ஊத்தி வெச்சுப் பாருங்க. ஒரு சொட்டு சிந்தாது.”

சொல்லி முடித்த பிறகுதான் லோகநாதனுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது காதில் விழுந்தது. வார்த்தையை எட்டிப் பிடித்துத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்த்தான். அது அதற்குள் முள்ளிப்பட்டு ஊரைச் சுற்றி வரத் தயாராகி, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

சேத்துப்பட்டு ரோட்டில், மலையடிவாரத்தில் இருந்த தனக்கோடியின் கல் உடைக்கிற மெஷினை ஒரு தடவை பார்த்தவர்கள்கூட இப்படி ஒரு பொய் சொல்லத் துணியமாட்டார்கள். அது ஓட ஆரம்பித்தால், அரை மைல் தள்ளியிருந்த டீக்கடையில் சர்க்கரை கலக்க ஸ்பூன் வேண்டாம். கிளாஸைச் சும்மா பலகைமேல் வைத்தால் போதும். பக்கத்துக் கொல்லையில் வேர்க்கடலை தானாகவே மண்ணைவிட்டு எழுந்து வரப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வழியாக மாட்டுவண்டியில் தூங்கிக்கொண்டே போன ஆசாமி ஒருவர் அடுத்த ஊரில் கண் விழித்தபோது, அவர் சட்டைப் பித்தான் அத்தனையும் தாமாகக் கழன்றிருந்ததாம். அப்பேர்ப்பட்ட மெஷின்.

அதற்கு மெஷின்மேன், ஃபிட்டர், வைத்தியர் எல்லாமே லோகநாதன்தான். பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் கால் மடக்கி உட்கார முடியாமல் கல்லுக்கு வந்தவன். காலையில் மெஷினுக்கு கிரீஸ் வைப்பான், சாயங்காலம் அதைத் திட்டுவான். இரண்டுக்கும் நடுவில் அது தானாக ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். எழுபத்தெட்டாம் வருஷத்தில் அந்தப் பக்கம் மெஷின் பராமரிப்பு என்றால் அவ்வளவுதான்.

அன்றைக்கு அவன் தன் அம்மா ராஜம்மாளோடு முள்ளிப்பட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். பெண் குணசுந்தரி. தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவளை அப்படியே கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். அவசரத்தில் கன்னத்தில் ஒரு சொட்டுக் கஞ்சியைத் துடைக்க மறந்திருந்தாள். அந்தச் சொட்டைப் பார்த்த நிமிஷத்திலேயே லோகநாதனின் நாக்கு அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது.

பெண்ணின் அப்பா சக்கரவர்த்தி. அவர் எதையும் நம்பாதவர் என்று சொன்னால், அதையும் அவர் நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் வெளியே போய் ஒரு கையை நீட்டிப் பார்ப்பார். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று மறு கையையும் நீட்டுவார். சாவு வீட்டுக்குப் போனால் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் மாலை போடுவார்.

அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்: தனக்கோடியின் கிரஷர் வாரத்தில் பாதி நாள் படுத்துக்கொள்கிறது, படுத்துக்கொண்ட நாளில் ஆளுக்குக் கூலி கிடையாது, அந்த ஆட்டத்துக்கு அது இன்னும் ஒரு வருஷம் தாங்காது என்று. பஜ்ஜித் தட்டை நகர்த்திவைத்துவிட்டு அதைத்தான் கேட்டார். அதற்குத்தான் லோகநாதன் மோரை இழுத்தான்.

சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

“சரி, வர்ற வெள்ளிக்கிழம வரேன்” என்றார். “மோர் என்னுது. டம்ளரும் என்னுது. நானே ஊத்துவேன், நானே வெப்பேன். நான் ஒக்காந்து எழுந்துக்கற வரைக்கும் மெஷினும் நிக்கக் கூடாது, மோரும் சிந்தக் கூடாது. அப்படி நடந்துச்சுன்னா அங்கயே வெத்தல பாக்கு மாத்திக்கலாம். இல்லன்னா காஞ்சிபுரத்துக்காரங்க கேட்டுகினு இருக்காங்க, அவங்களுக்குச் சொல்லி அனுப்பிச்சுடுவேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது ராஜம்மாள் மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏண்டா, தயிருன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

மறுநாள் காலையில் லோகநாதன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மெஷினை நிதானமாகச் சுற்றிவந்து பார்த்தான். தரையோடு அதைப் பிடித்திருக்க வேண்டிய போல்ட்டுகள் எல்லாம் பால் பற்கள்போல ஆடிக்கொண்டிருந்தன. ஸ்பானருக்குள் பைப்பைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று, குதித்துக் குதித்து முறுக்கினான். அது போதாது என்று, பழைய லாரி டயரைத் துண்டுபோட்டு மெஷினின் நாலு காலுக்கும் அடியில் மெத்தைமாதிரி வைத்தான்.

ஓட்டிப் பார்த்தால், அதிசயம், ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. கல் உடைவதும் பாதியாகக் குறைந்திருந்தது. டயர் வைத்ததில் மெஷின் அரை சாண் உயர்ந்துவிட்டது. ஆயில் எஞ்சினிலிருந்து மெஷினின் பெரிய சக்கரத்துக்குப் போகிற கித்தான் பெல்ட்டு நேர்கோட்டை விட்டு விலகிவிட்டது. எஞ்சின் தலைதெறிக்க ஓடியது; பெல்ட்டு வழுக்கியது; சக்கரமோ கோயில் தேர் மாதிரி, நாலு பேர் தள்ளினால் வருகிறேன் என்று நின்றது.

முதலாளி தனக்கோடி வந்து பார்த்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தங்கக் கட்டுப் போட்ட மூக்குக்கண்ணாடி. டயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தால் மோர் சிந்துமே என்று லோகநாதன் நினைத்துக்கொண்டான், வெளியில் சொல்லவில்லை. பெல்ட்டைப் பிடிப்பாக்கத் தன்னிடம் ஒரு மருந்து இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

அந்த மருந்து கஞ்சி. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும். வழுக்குகிற இழைக்கு விறைப்பேற்ற ஆரணியில் என்ன செய்கிறார்கள்? தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடுகிறார்கள். பெல்ட்டும் நூலால் ஆனதுதானே?

முதல் நாள் தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்து பூசினான். ராஜம்மாள் சிக்கனக்காரி; அவள் கஞ்சி வழியாகப் பேப்பர் படிக்கலாம். எஞ்சினைத் தட்டிவிட்டதும் பெல்ட்டிலிருந்து அத்தனை கஞ்சியும் புறப்பட்டுப் போய் நேராகத் தனக்கோடியின் சட்டையில் உட்கார்ந்தது. மத்தியான வெயிலில் அது காய்ந்ததும் முதலாளியால் கையை மடக்க முடியவில்லை. சாயங்காலம்வரை இரண்டு கையையும் விரித்தபடியே நடந்தார். எதிரில் வந்தவர்கள் எல்லாம் தங்களைக் கட்டிப்பிடிக்க வருகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

கல் சுமக்கிற பொன்னியம்மாள் இதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த கூடை கீழே விழுந்தது. அவள் முள்ளிப்பட்டுக்காரி. இரண்டு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு தினமும் வேலைக்கு வருவாள். அவள் கல் சுமப்பாள், ஆடுகள் மலையில் மேயும்.

“தம்பி, இது கஞ்சியா, கை கழுவின தண்ணியா? எங்க ஊர்ல ஒரு பொண்ணு கஞ்சி காய்ச்சும் பாரு. யாருன்னு ஒனக்கே தெரியும். வாங்கியாரட்டா?”

மறுநாள் ஒரு பக்கெட் வந்தது. பெல்ட்டுக்கு என்று சொன்னதால் குணசுந்தரி கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சி அனுப்பியிருந்தாள். சூடாக இருக்கிறபோதே அள்ளிப் பூசினான். பெல்ட்டு சக்கரத்தை விட்டேனா பார் என்று பிடித்துக்கொண்டது. மெஷின் பாட்டு பாடிக்கொண்டு ஓடியது. தனக்கோடி நம்ப முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். மீதியிருந்த கஞ்சியைக் கொட்டிவிட்டு பக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று லோகநாதன் கவிழ்த்தால், ஒன்றும் விழவில்லை. பக்கெட்டின் முதுகில் தட்டினான். உதைத்தான். உள்ளே வெள்ளை வெளேர் என்று ஒரு கோபுரம் மாதிரி நின்றுகொண்டு, வரமாட்டேன் என்றது. கடைசியில் கடப்பாறையால் நெம்பி எடுக்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது பொன்னியம்மாளின் ஆடுகள் இரண்டும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கஞ்சியை நக்க ஆரம்பித்து, ருசியில் மயங்கி, கித்தானுக்கு வந்திருந்தன. பெல்ட்டின் ஓரத்தில் ஒரு முழம் நீளத்துக்குக் காணோம். லோகநாதனைப் பார்த்ததும் பெரிய ஆடு ஏப்பம் விட்டது.

பொன்னியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பெல்ட்டுக்கு ஆன சேதத்துக்குத் தன் கையில் இருக்கிற வளையலைக் கழற்றித் தருவதாகச் சொன்னாள். லோகநாதன் அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, ஆடு மறுபடி கிட்டே வராதபடி பெல்ட்டு முழுக்க வேப்பெண்ணெய் தடவினான். ஆடு வரவில்லை. சொல்லப்போனால், எதுவுமே வரவில்லை; காக்காய்கூட அந்தப் பக்கம் பறக்கவில்லை. ஆனால் எண்ணெய் பட்ட பெல்ட்டு சக்கரத்தில் எப்படி நிற்கும்? எஞ்சினைத் தட்டியதும் ஒரு விசில் சத்தம். பெல்ட்டு கழன்று ஆகாசத்தில் எழும்பி, மலைப்பாம்பு மாதிரி நெளிந்து, தனக்கோடியின் காரைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்தது. காருக்குள்ளே தனக்கோடி இருந்தார். நாலு கதவும் திறக்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வேப்பெண்ணெய் வாசனையோடு, லோகநாதனின் பரம்பரையை வரிசையாக விசாரித்தார்.

எண்ணெயை எடுக்க லோகநாதன் செங்கல்லை இடித்துத் தூளாக்கிப் பெல்ட்டில் தேய்த்தான். ஆடு தின்ற இடத்தில் பழைய கித்தானை வைத்து ஒட்டுப்போட்டான். அறுந்த பாவு இழையை விரலில் முறுக்கிப் பிணைக்கிற கை அல்லவா? வீட்டில் கிடந்த கழிவுப் பட்டு நூலையெல்லாம் கயிறாகத் திரித்து, அப்படித் தைத்தான், இப்படித் தைத்தான், மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று. ஒட்டு என்னவோ உறுதியாகத்தான் வந்தது. ஆனால் பூசணிக்காய் அளவுக்கு ஒரு முண்டும் வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தான். செங்கல் தூள் பிடித்த பிடியில் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. அந்த முண்டு ஒவ்வொரு தடவை சக்கரத்தில் ஏறும்போதும் மெஷின் ‘டப்’ என்று எழும்பியது. கீழேயோ லாரி டயர் மெத்தை. எழும்பிய மெஷின் டயரில் விழுந்து, மறுபடி எழும்பி, திருவிழாவில் கரகம் எடுத்தவள் மாதிரி ஆடத் தொடங்கியது. முன்னே கல் உடைக்கும்போது ஆடிய மெஷின், இப்போது ஆடுகிறபோது நடுநடுவே கல்லும் உடைத்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, தன் கடையில் பாலே வெண்ணெயாகத் திரண்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

லோகநாதன் எஞ்சினை நிறுத்திவிட்டு ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்தான். அந்தக் கன்னத்துக் கஞ்சிச் சொட்டு கண் முன்னால் வந்தது. அது மெல்ல மெல்லக் காஞ்சிபுரம் பக்கமாக நகர்ந்து போனது.

வீட்டுக்குப் புறப்பட்ட பொன்னியம்மாளைக் கூப்பிட்டான். “அக்கா, நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடு. மெஷின் படுத்துகிச்சுன்னு சொல்லு. நான் வாய் கொழுப்புல சொல்லிட்டேன்னே சொல்லு, பரவால்ல.”

“யாராண்ட சொல்லணும்?”

“பெரியவராண்டதான்.”

“அந்தாளாண்டயா? நான் வந்து சொன்னேன்றதயே அவர் நம்பமாட்டாரு” என்று சொல்லிவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வந்ததும் லோகநாதன் ஆவலாக ஓடினான். பெரியவரிடம் சொல்லவில்லையாம். பெண்ணிடம்தான் சொன்னாளாம். ஆடு தின்றது முதல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண் அடுப்பிலிருந்த கஞ்சியை ஒரு தடவை கிளறிவிட்டதாம்.

“அப்பறம்?”

“வரட்டும், பயப்பட வேணாம்னு சொல்லிச்சு. ஒண்ணே ஒண்ணு. டம்ளர வெச்சதும் ஜல்தி ஜல்தியா மெஷின ஓட்டிடக் கூடாதாம். வெள்ளிக்கிழம ஆச்சே, சாமிக்குப் படைச்சு, தேங்கா ஒடச்சு, கற்பூரம் காட்டி, நல்லா நிதானமா ஆரம்பிக்கணுமாம். பக்தியான பொண்ணு.”

பக்தி எல்லாம் சரி, சாமி வந்து டம்ளரைப் பிடித்துக்கொள்ளுமா என்று லோகநாதன் கேட்டான். பொன்னியம்மாள் ஆட்டைக் கட்டப் போய்விட்டாள்.

சக்கரவர்த்தி பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதுபோல ஒரு தூக்குப் பாத்திரத்தை அணைத்துக்கொண்டிருந்தார். அதைச் சுற்றிக் கனத்த துணி. வெயிலில் மோர் புளித்துவிடும் என்று மகள் கட்டிக் கொடுத்தாளாம். பையிலிருந்து அடிக்கனமான பித்தளை டம்ளர் ஒன்றை எடுத்தார். மெஷினைச் சுற்றி வந்து, டம்ளரைப் பிடிக்க எங்கேயாவது ஆணி, கம்பி, காந்தம் வைத்திருக்கிறானா என்று தடவிப் பார்த்தார். மெஷினின் உச்சியில் சமமாக இருந்த ஓர் இரும்புப் பலகையைத் தானே தேர்ந்தெடுத்தார். சந்தேகமாக இருக்கவே அதையும் துண்டால் துடைத்தார்.

பிறகு தூக்கின் மூடியைத் திறந்தார்.

உள்ளே பார்த்தார். மூக்கை மட்டும் கொஞ்சம் உள்ளே விட்டு எடுத்தார். தூக்கின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து லோகநாதனை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு தடவை பார்த்தார். லோகநாதனுக்கு அந்தப் பார்வையில் காஞ்சிபுரம் பஸ் புறப்படுகிற சத்தமே கேட்டுவிட்டது.

“கட்டி மோரு” என்றார் சக்கரவர்த்தி.

ஊற்றினார். விளிம்பு தட்டி, வெளியே வழிந்து, டம்ளரைச் சுற்றிப் பலகையில் ஒரு வளையமாகத் தேங்குகிற வரைக்கும் ஊற்றினார். ஊற்றும்போது சிந்தியது கணக்கில் வராது என்று அவரே நியாயமாகச் சொன்னார்.

அப்புறம் பூஜை. பொன்னியம்மாள் அன்றைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் கும்பாபிஷேகமே நடத்தியிருக்கலாம். கற்பூரத்தைக் காணோம் என்றாள். கிடைத்ததும் தீப்பெட்டியைக் காணோம் என்றாள். மெஷினுக்குச் சந்தனம் வைத்தாள், எஞ்சினுக்கு வைத்தாள், டயர் துண்டுகளுக்கு வைத்தாள், தனக்கோடியின் காருக்கும் வைத்தாள். தேங்காய் சரியாக உடையவில்லை என்று இன்னொன்று வாங்கிவர டீக்கடை வரைக்கும் போனாள். வெயில் ஏறியது. தனக்கோடி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சக்கரவர்த்தி மட்டும் ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டு, அவசரமே இல்லாமல், மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் லோகநாதன் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைத் தட்டிவிட்டான்.

முதல் ‘டப்’பில் கற்பூரத் தட்டு கிளம்பிப் போனது. இரண்டாவதில் தகரக் கூரையில் இருந்த ஓணான் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. கல்லைக் கொட்டினார்கள், மெஷின் அதை மென்றுகொண்டே எழும்பிக் குதித்தது. தனக்கோடியின் மூக்குக்கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கி, உதட்டில் நின்று, முகவாயில் உட்கார்ந்து, சட்டைப் பைக்குள் தானாகவே போய் மடிந்துகொண்டது. சுவரில் மாட்டியிருந்த சாமி படம், பார்க்கச் சகிக்காமல் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. குவித்து வைத்திருந்த ஜல்லி மொத்தமும் சமதளமாகப் பரவியது. லோகநாதனுக்கு நாலு மெஷின் தெரிந்தது, நாலும் ஆடின.

நாலின் தலையிலும் ஒரு டம்ளர் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். டம்ளர் பலகையோடு பலகையாக நின்றது. மோர் விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. அலை இல்லை. சலனம் இல்லை. மார்கழி மாதத்துக் கோயில் குளம்கூட அப்படி அமைதியாக இருந்ததில்லை. உலகமே உரலில் போட்ட மாதிரி இடிபட்டுக்கொண்டிருக்க, அந்த ஒரு டம்ளர் மோர் மட்டும் தவத்தில் இருந்தது.

வேலைக்காரர்கள் கூடையை வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தனக்கோடி பைக்குள் கண்ணாடியைத் தேடினார். பொன்னியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்தியால் குலுங்குகிறாள் என்று லோகநாதன் நினைத்தான்.

கொட்டிய கல் எல்லாம் ஜல்லியாகித் தீர்ந்தது. சக்கரவர்த்தி எழுந்து கையைக் காட்டினார். எஞ்சின் நின்றது. அவர் மெஷின்மேல் ஏறி டம்ளரை எடுத்தார். சும்மா எடுக்க வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, காலை உந்தி, ஒரு இழு இழுத்தார். வந்த டம்ளரைத் தன் துண்டால் மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இப்பேர்ப்பட்ட மோரைச் சும்மா வுட்றதா? ஆளுக்கு ஒரு வாய் பிரசாதமா குடுங்க” என்று தனக்கோடி கையை நீட்டினார்.

“அது குடிக்கறதுக்கு இல்ல” என்றார் சக்கரவர்த்தி. “வெத்தல பாக்கு வாங்கியாந்து வெச்சிருக்கீங்களா, இல்லியா?”

வாங்கி வைக்கவில்லை. யார் வாங்கி வைப்பார்கள்? தோற்றுப்போகிற ஆட்டத்துக்கு யாராவது வெற்றிலை வாங்குவார்களா? தனக்கோடியின் காரில் கிடந்த அவருடைய சொந்த வெற்றிலையையும் பாக்கையும் வைத்துத்தான் மாற்றிக்கொண்டார்கள். அதில் வேப்பெண்ணெய் வாசனை அடித்தது.

அதற்குப் பிறகு லோகநாதனைப் பிடிக்க முடியவில்லை. அவனுக்கே ஆரம்பத்தில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் அது தன் கைராசி என்று புரிந்துவிட்டது. பெரணமல்லூர் பக்கத்து கிரஷர்காரர்கள் எல்லாம் வந்து யோசனை கேட்டார்கள். காலுக்கு டயர், பெல்ட்டுக்கு வேப்பெண்ணெய், அதுக்கு மேல செங்கல் தூள், கழிவுப் பட்டில் ஒரு முண்டு என்று தாராளமாகச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் போய்ச் செய்து பார்த்தார்கள். டம்ளர்கள் பறந்தன. ஒருவருக்கு முன் பல் போயிற்று. வைத்தியம் எல்லாருக்கும் பலிக்காது, மெஷினும் மனுஷனும் மனசு ஒத்துப்போக வேண்டும் என்று லோகநாதன் வருத்தத்தோடு சொன்னான்.

கல்யாணம் முள்ளிப்பட்டில் நடந்தது. சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் பந்தலில் காற்றாட உட்கார்ந்திருந்த நேரம். லோகநாதன் மாலையும் கழுத்துமாக, அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தத் தடவை மலையே அரை அடி நகர்ந்திருந்தது; மோர் மட்டும் நகரவில்லை.

ஆரணியிலிருந்து வந்திருந்த குப்புராஜ், பட்டு வியாபாரி, லோகநாதனுக்குப் பங்காளி, தொடையில் தட்டிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். கிரஷர் மேல் மோர் சிந்தாது என்றால் நாளைக்கு ரயில் மேல் விளக்கேற்றிக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவேன் என்று சொல்வாய் என்றார். பந்தலே சேர்ந்துகொண்டது. லோகநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. கல்யாண நாளும் அதுவுமாக மாமனார் வீட்டில் பொய்யன் பட்டமா? பக்கத்தில் குணசுந்தரி தலையைக் குனிந்துகொண்டு, மாலையில் உதிராத பூவை உதிர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சும்மா பேஜார் பண்ணாதீங்க” என்றான் லோகநாதன். “மாமா அங்கதான் இருந்தாரு. அவரையே கேளுங்க.”

அத்தனை பேரும் சக்கரவர்த்தியின் பக்கம் திரும்பினார்கள். சிரிப்பு அடங்கியது. மழையையே கை நீட்டிப் பார்க்கிற மனுஷன். அவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

“நீங்களே சொல்லுங்க பெரியவரே” என்றார் குப்புராஜ். “எதையும் நம்பாத ஆளு நீங்க. நெசமாவே சிந்தலியா?”

சக்கரவர்த்தி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பந்தல் காலண்டை நின்று முந்தானையை வாயருகே தயாராக வைத்திருந்த பொன்னியம்மாளைப் பார்த்தார். கடைசியாக, குனிந்த தலை நிமிராமல் இருந்த மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நெசந்தான்” என்றார். “ஒரு சொட்டு சிந்தல. எனக்கு மனசு கேக்காம வூட்டுக்கு எடுத்தாந்து கவுத்துக்கூடப் பாத்தேன். அப்பவும் சிந்தல.”